கதவைச் சாத்த முடியாத வீட்டில் ஆன்லைன் கவுன்சலிங்

வீடியோ காலில் மனசுவிட்டுப் பேச முடியுமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கே உட்கார்ந்து பேசப்போகிறீர்கள்? பல பேர் அங்கேயே தடுமாறிப்போகிறார்கள். இரண்டு அறை வீட்டில் மாமியார், பிள்ளைகள், ஓடிக்கொண்டிருக்கும் டிவி. எதைச் சொல்ல வந்தார்களோ, அது அந்த வீட்டு மனிதர்களைப் பற்றியதாகவே இருக்கும். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு ஆன்லைன் சிகிச்சை நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், அந்தப் பலன் கிடைக்க ஒருவர் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய ஓர் இடம் வேண்டும்.

இடத்தை முதலில் தேடுங்கள்

மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், மதிய உணவு நேரத்தில் காலியாக இருக்கும் அலுவலக அறை என்று பல இடங்களிலிருந்தும் பேசுகிறார்கள். எதுவும் தப்பில்லை, வண்டி ஓட்டிக்கொண்டு பேசுவதைத் தவிர. ஹெட்போன் கட்டாயம், என் குரல் வெளியே கேட்காது. பேச்சின் நடுவில் யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். "கரன்ட் பில் அப்புறம் கட்டுறேன்" என்று அவர் சொன்னால் நான் உடனே சாதாரண விஷயத்துக்கு மாறிவிடுவேன். அடிக்கிற ஆள் அதே வீட்டில் இருந்தால் இந்த ஏற்பாடும் போதாது. போனை அவர் எடுத்துப் பார்ப்பார் என்றால் நான் எந்தக் குறுஞ்செய்தியும் அனுப்புவதில்லை. அப்படிப்பட்ட பெண்களுக்கு 181 உதவி எண்ணையும், நேரில் பேசப் பாதுகாப்பான ஓர் இடத்தையும் முதலில் சொல்கிறேன்.

திரையில் தெரியாதவை

நேரில் உட்காருகிறவரின் கால் ஆடுவது தெரியும். குடித்துவிட்டு வந்திருந்தால் வாடையே சொல்லிவிடும். திரையில் முகமும் தோளும் மட்டும். அதனால் நான் வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன்: நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள், குடித்திருக்கிறீர்களா, இப்போது உடம்பில் எந்த இடம் இறுக்கமாக இருக்கிறது. முதலில் சங்கடப்படுவார்கள். இரண்டாம் வாரம் அவர்களாகவே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

மௌனமும் இங்கே வேறு மாதிரி. எதிரே உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிட அமைதி இதமாக இருக்கும். போனில் அதே அமைதி, லைன் போய்விட்டதோ என்று பயமுறுத்தும். "இருக்கேன், நீங்க மெதுவா பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டிருக்கும்போது நெட் அறுந்துபோவதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. லைன் போனால் நான்தான் திரும்ப அழைப்பேன், வீடியோ வராவிட்டால் சாதாரண அழைப்பில் வருவேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். முகம் காட்டத் தயங்குபவர் கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம். சிலருக்கு அதுதான் வாயைத் திறக்க வைக்கிறது.

முகவரி ஏன் கேட்கிறேன்

முதல் அமர்விலேயே இப்போது எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் இடம் மாறியிருக்கிறதா என்றும் கேட்பேன். அவசரத்துக்கு அழைக்க ஒருவருடைய எண்ணையும், அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும் குறித்துக்கொள்வேன். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே அந்த எண்ணை அழைப்பேன் என்பதையும் சொல்லிவிடுவேன். இதையெல்லாம் கேட்காமல் பணம் கட்டியவுடன் நேராகப் பேச்சைத் தொடங்கும் சேவையை நான் நம்பமாட்டேன்.

எதிரே இருப்பவர் யார்

தொலைவிலிருந்து மனநலம் பார்ப்பது கொரோனா காலத்தில் முளைத்ததல்ல. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி, அதில் இருந்த திரை வழியாகச் சென்னை மருத்துவரிடம் பேச வைத்தது. மருத்துவர்களுக்கான டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் வந்தது 2020 மார்ச்சில். மாத்திரை எழுத மருத்துவரால்தான் முடியும். என்னைப் போன்ற ஆலோசகர் மருந்துப் பெயரைச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. 'கவுன்சலர்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வது இன்றும் சுலபமாகத்தான் இருக்கிறது. எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி பெற்றார், உரையாடலைப் பதிவு செய்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நேரில் போக வேண்டியவர்கள்

காதில் குரல் கேட்பவர், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக உறுதியாக நம்புபவர், நாள்கணக்கில் தூங்காமல் உற்சாகத்தின் உச்சத்தில் இருப்பவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்கி வியர்ப்பவர், உணவை அறவே ஒதுக்கி மெலிந்துகொண்டே போகிறவர், இவர்களை எல்லாம் திரை முன் உட்காரவைத்துக் காலம் கடத்தக் கூடாது. சாகும் எண்ணமும் அதற்கான வழியும் கையில் இருப்பவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகளை அப்புறப்படுத்துவதும் சிகிச்சைதான்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு

2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை நாடு முழுவதும் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். தமிழ்நாட்டில் 104 உதவி எண்ணும் இருக்கிறது. அழைக்கும்போது நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பத்து நாளா சரியா தூக்கம் இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கலை" என்று தொடங்கினால் போதும், மீதியைக் கேட்டுக்கொள்வது எங்கள் வேலை.