13 மேட்ச் ஜெயிச்சும் வெளியே... அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் சாம்பியன் யார்னு முடிவு செய்வது எப்படி?

2023 டிசம்பர். ஃப்ளோரிடா ஸ்டேட் அணி ஆடிய 13 போட்டிகளிலும் வெற்றி. ஆனாலும் தேசிய சாம்பியனுக்கான 4 அணி பிளே-ஆஃபில் இடமில்லை. ஒரு போட்டியில் தோற்ற அலபாமா உள்ளே! குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்த பிறகு அணி பழைய மாதிரி இல்லை என்றது, 13 பேர் கொண்ட தேர்வுக் குழு.

(இது நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.)

130-க்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்கு 12 லீக் போட்டிகள்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியில்லை. அதனால்தான் குழு. ஆனால், ஜெயித்துக்கொண்டே இருந்த பசங்களுக்கு மீட்டிங் ரூமில் கதவைச் சாத்தியதை எப்படி நியாயப்படுத்துவது?

2024-ல் 12 அணிகளாக்கினார்கள். இப்போ புகார் வேறு. அக்டோபரில் ஓஹியோ ஸ்டேட்டை 32-31 என வீழ்த்தி, தோல்வியே காணாமல் வந்தது ஒரேகான். காலிறுதியில் அதே ஓஹியோவிடம் 41-21 எனத் தோற்று வெளியேறியது. லீக்கில் 2 முறை தோற்ற ஓஹியோதான் கடைசியில் சாம்பியன்!