சித்தியிலிருந்து பாட்டி வரை: லா சப்பலுக்கு வந்த ராதிகா

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியில் நடப்பதாக எழுதப்பட்ட 'லிட்டில் ஜாஃப்னா' என்ற பிரெஞ்சுத் திரைப்படம், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் நிறைவுப் படமாகத் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு அது பிரான்ஸ் திரையரங்குகளுக்கு வந்தது. பிரான்ஸில் பிறந்த ஈழத்தமிழ் வம்சாவளியினரான லோரன்ஸ் வலின் இதனை இயக்கி, கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். அந்தக் கதாநாயகனின் பாட்டியாக நடித்திருப்பவர் ராதிகா சரத்குமார்.

பிரெஞ்சு ரசிகர்களுக்கு அவர் அதிகம் அறிமுகமில்லாத ஒரு நடிகை. ஆனால் லா சப்பலில் காய்கறி வாங்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய முகம். வெள்ளித்திரையில் நாயகியாகவும், தொலைக்காட்சியில் 'சித்தி'யாகவும், எண்ணற்ற பாடல்களின் முகமாகவும் அவர்களது வீடுகளுக்குள் வந்து போனவர். தமிழ்த் திரையுலகில் நடிகை ஒருவர் இவ்வளவு காலம் நிலைத்திருப்பது அரிது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும், புலம்பெயர்ந்தோரின் கதையைச் சொல்லும் ஒரு படம் ஏன் அவரைத் தேடிச் சென்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குட்டி யாழ்ப்பாணம்

கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட சில தெருக்களே 'குட்டி யாழ்ப்பாணம்' என்று அழைக்கப்படுகின்றன. ஃபோபூர் சென் தெனி வீதியின் வடபகுதியும், அதனை ஒட்டிய கைல், பெர்தொனே போன்ற சிறு வீதிகளும் இதில் அடங்கும். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் பிரான்ஸுக்கு வந்த இலங்கைத் தமிழர்களின் எண்ணிக்கை பெருகியபோது இங்கு மளிகைக் கடைகளும், புடவைக் கடைகளும், நகைக்கடைகளும், உணவகங்களும் தோன்றின. தமிழர்களில் பெரும்பாலானோர் வசிப்பது புறநகர்ப் பகுதிகளில்தான். ஆனால் வார இறுதியில் அவர்கள் கூடும் இடம் லா சப்பல். ஒவ்வோர் ஆண்டும் கோடையின் முடிவில் நடைபெறும் விநாயகர் தேர்த்திருவிழா, பாரிஸ் நகரவாசிகள் பலருக்கும் தெரிந்த நிகழ்வாகிவிட்டது.

இந்தப் பகுதியின் அன்றாட வாழ்வில் தமிழ்த் திரைப்படமும் பாடலும் பிரிக்க முடியாதவை. முதலில் ஒலிநாடாக்களும் வீடியோ நாடாக்களும், பின்னர் குறுந்தகடுகளும், அதன் பின்னர் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தன. சாதனங்கள் மாறினவே தவிர, மொழி அறியாத ஊரில் மாலை நேரத்தைத் தமிழில் கழிக்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை. ராதிகாவின் திரைவாழ்வு இந்தச் சாதனங்கள் அனைத்தின் வழியாகவும் இங்கு வந்து சேர்ந்த ஒன்று.

ரயிலில் தொடங்கிய பயணம்

1978ஆம் ஆண்டு பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக ராதிகா அறிமுகமானார். அப்போது அவருக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. 'ரத்தக்கண்ணீர்' புகழ் எம்.ஆர். ராதாவின் மகள் என்றாலும், அவர் திரைத்துறைக்கென வளர்க்கப்பட்டவர் அல்லர். தாயார் கீதா இலங்கைத் தமிழர். ராதிகாவின் பள்ளிப் பருவம் இந்தியா, இலங்கை, பிரிட்டன் என மூன்று நாடுகளில் கழிந்தது. அவ்வாறு வளர்ந்த ஒரு பெண் தமிழ்நாட்டுக் கிராமத்து மகளாக முதல் படத்திலேயே ஏற்கப்பட்டார். மண்ணின் மணம் என்று சொல்லப்படுவதையும் ஒரு நடிகர் பயின்று பெற முடியும் என்பதற்கு அது சான்று.

இளையராஜாவின் இசை அந்த வெற்றியில் பெரும்பங்கு வகித்தது. 1970களின் இறுதியில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படத்தைப் பார்க்கும் முன்பே பாடல்கள் வானொலி வழியாக மக்களைச் சென்றடைந்துவிடும். பாடகியின் குரலும் நடிகையின் முகமும் ரசிகரின் நினைவில் ஒன்றாகிவிடுவது இப்படித்தான். ராதிகா பாடகி அல்லர். ஆயினும் அவர் பெயரைச் சொன்னவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பாடலே.

தொடர்ந்து தெலுங்கில் சிரஞ்சீவி, கமல்ஹாசன் ஆகியோருடனும், தமிழில் ரஜினிகாந்த் உள்ளிட்டோருடனும் அவர் நடித்தார். கே. விஸ்வநாத் இயக்கத்தில் 1986இல் வெளியான 'ஸ்வாதி முத்யம்', தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்ற பெயரில் வந்தது. ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம் அது.

இதே காலத்தில் அவர் எடுத்த மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தைத் தயாரித்தவர் ராதிகா. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. இருபத்தைந்து வயதுக்கு முன்பே அவர் முதலீட்டாளரின் இடத்திலும் அமர்ந்து பார்த்திருந்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நாயகிக்கு வயதாகும்போது

தமிழ்த் திரைப்படத்தில் நாயகனுக்கு அறுபது வயதிலும் காதல் காட்சிகள் உண்டு. நாயகிக்கு முப்பது நெருங்கும்போதே அக்கா, அண்ணி, அம்மா என்ற வரிசை தொடங்கிவிடும். ராதிகாவும் இதற்கு விதிவிலக்கல்லர்.

1990இல் வசந்தின் 'கேளடி கண்மணி' படத்தில் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இணையாக நடித்தார். இருவரும் இளமையைக் கடந்த மனிதர்களாகக் காதல்வயப்படும் கதை அது. பாலசுப்ரமணியம் மூச்சு விடாமல் பாடியதாகப் புகழ்பெற்ற பாடலில், கடற்கரையில் அவருடன் தோன்றுபவர் ராதிகா. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' படத்தில், ஏ.ஆர். ரஹ்மானின் இசைப் பின்னணியில், அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே சிக்கித் தவிக்கும் விருமாயியாக நடித்தார். வளர்ந்த பிள்ளைக்குத் தாயாக அவர் நடித்த அந்தப் படம் வெளியானபோது அவருக்கு வயது 31.

அந்த நடிப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால் அதன் பிறகு திரைப்படம் அவருக்குத் தரக்கூடியது தாய் வேடங்களின் வரிசையைத்தான் என்பதும் தெளிவாகியிருந்தது. அவருடைய சமகால நடிகையர் பலர் அந்தக் கட்டத்தில் ஒதுங்கிக்கொண்டனர். ராதிகா தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார்.

இரவு ஒன்பதரை மணி

1993இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சியின் வளர்ச்சி, தமிழ்த் தொடர்களுக்கு ஒரு புதிய வணிக முறையை உருவாக்கியிருந்தது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்கு நிலையத்திடம் கட்டணம் செலுத்துவார். அந்த நேரத்தில் இடம்பெறும் விளம்பரங்களைத் தாமே விற்று வருவாய் ஈட்டுவார். தொடர் தோற்றால் நட்டம் தயாரிப்பாளருக்கு, வென்றால் இலாபமும் அவருக்கே. நடிகை தினக்கூலி பெறுபவராக மட்டும் இருந்தால் இந்த இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை.

ராதிகா தமது ராடான் நிறுவனத்தின் மூலம் தயாரிப்பாளராகவே இந்தச் சந்தைக்குள் நுழைந்தார். 1999ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'சித்தி' தொடரில் சாரதா என்ற பாத்திரத்தில் அவரும், கணவராக சிவகுமாரும் நடித்தனர். 2001 வரை ஒளிபரப்பான அந்தத் தொடர், தமிழ்நாட்டின் இரவு உணவு நேரத்தையே மாற்றியமைத்தது என்று அப்போது வேடிக்கையாகப் பேசப்பட்டது. நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய அதன் தலைப்புப் பாடல் பல வீடுகளில் ஒரு மணியோசை போல ஒலித்தது. பாடல் கேட்டால் ஒன்பதரை மணி என்று பொருள்.

மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்ற பழைய கதைமரபிலிருந்து விலகி, சிற்றன்னையை அன்பும் உறுதியும் கொண்டவளாக முன்னிறுத்தியது அந்தத் தொடர். தொடர்ந்து 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என 2018 வரை ஏறத்தாழ இடைவெளியின்றி அவர் அதே நேரத்தில் தோன்றினார். ராடான் நிறுவனம் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. தமிழ்த் திரையுலகப் பெண் ஒருவர் இந்த அளவில் தொழிலதிபராக உயர்ந்ததற்கு முன்னுதாரணங்கள் சிலவே. அவற்றுள் பரணி ஸ்டூடியோவை நடத்திய பி. பானுமதி முதலிடத்தில் நிற்பவர்.

இந்தத் தொடர்கள் மீது விமர்சனங்களும் உண்டு. குடும்பத்துக்குள் சூழ்ச்சி, முடிவில்லாத அழுகை, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற சித்திரிப்பு ஆகியவற்றைப் பெண்ணியவாதிகள் கண்டித்தனர். அந்தக் கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் கதையின் மையமாக நிற்க, அந்நாளில் திரையரங்கில் கிடைக்காத இடத்தைத் தொலைக்காட்சியே அளித்தது என்பதையும் மறுக்க முடியாது.

நாடாவில் வந்த சித்தி

புலம்பெயர்ந்த வீடுகளில் இந்தத் தொடர்களுக்கு வேறொரு பயனும் இருந்தது. செயற்கைக்கோள் இணைப்பு இல்லாதவர்கள், பதிவு செய்யப்பட்ட தொடர்களைக் கடைகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தனர். லண்டன், டொரொண்டோ, பாரிஸ் என எல்லா இடங்களிலும் இந்த வழக்கம் இருந்தது.

உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் நாளைக் கழித்துவிட்டு வந்தவர்களுக்கு அது ஓய்வு. பிள்ளைகளோ பகல் முழுவதும் பள்ளியில் பிரெஞ்சு பேசியவர்கள். பேச்சு மொழி பிரிந்துகொண்டிருந்த வீட்டில், பாட்டியும் பேரனும் ஒரே அறையில் அமர்ந்து கேட்ட நீண்ட தமிழ் உரையாடல் பல நேரங்களில் தொலைக்காட்சித் தொடருடையதே. அது யாழ்ப்பாணத் தமிழ் அன்று, சென்னைத் தமிழ். என்றாலும் தமிழ். அந்த அறையில் வளர்ந்த தலைமுறைதான் இன்று பிரெஞ்சு மொழியில் படம் எடுக்கிறது.

பேரனின் படத்தில் பாட்டி

'லிட்டில் ஜாஃப்னா'வின் கதை, இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் நிகழ்கிறது. மைக்கேல் என்ற இளம் தமிழ்க் காவலர், விடுதலைப் புலிகளுக்கு நிதி அனுப்பும் ஒரு கும்பலுக்குள் உளவாளியாக நுழைகிறார். கும்பலின் தலைவராக எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி நடித்திருக்கிறார்.

கதை கற்பனை என்றாலும் பின்னணி கற்பனையன்று. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. 2007இல் பாரிஸில் நிதி சேகரிப்புத் தொடர்பாகத் தமிழர் பலர் கைது செய்யப்பட்டனர். 2009 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவர்களில் பலரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. தாமாகவே கொடுத்தவர்களும், அச்சத்தால் கொடுத்தவர்களும் அருகருகே வாழ்ந்த தெருக்கள் இவை. அந்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களும் இதே தெருக்களில்தான் இருந்தனர். ஆகவே இந்தக் காலத்தைத் திரையில் தொடுவது எவருக்கும் எளிதன்று.

இங்குதான் பாட்டி பாத்திரம் முக்கியமாகிறது. நாயகன் ஒருபுறம் பிரெஞ்சு அரசுக்கும், மறுபுறம் தன் இனத்துக்கும் கடமைப்பட்டவன். அரசியல் விளக்கங்கள் எதுவும் தேவைப்படாத ஒரே பிணைப்பு அவனுக்கு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டைத் தமிழ் ரசிகர்கள் நொடிப்பொழுதில் நம்ப வேண்டுமானால், அவர்களுக்கு முன்பே உறவாகிவிட்ட ஒரு முகம் தேவை. தொலைக்காட்சி இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அந்த உறவை, படம் சில காட்சிகளில் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' வேறு வழியைத் தேர்ந்தது. அதில் நாயகனாக நடித்தவர் பாரிஸில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி. நாயகி, மேடை நாடகப் பின்னணி கொண்ட காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். இருவருமே பரந்த ரசிகர்களுக்குப் புதிய முகங்கள். ஓடியார் வெளியிலிருந்து பார்த்தவர், அவருக்கு அறியாத முகங்கள் தேவைப்பட்டன. வலின் உள்ளிருந்து பார்ப்பவர், அவருக்கு அறிந்த முகங்கள் தேவைப்பட்டன.

எஞ்சும் கேள்விகள்

லா சப்பலைக் கும்பல்களின் களமாகக் காட்டுவது அங்கு உழைத்து வாழும் பெரும்பான்மையினருக்கு நீதியா என்ற கேள்வி இந்தப் படத்தின் முன்னும் நிற்கிறது. 'தீபன்' வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. ஈழத்துப் பாட்டியாக நடிக்கத் தமிழ்நாட்டு நட்சத்திரம்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். லா சப்பலில் உண்மையான அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் நிறைய உண்டு. அவர்களுள் மேடையேறிய கலைஞர்களும் உண்டு.

ஆனால் ராதிகாவின் விடயத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடை அவரது பிறப்பிலேயே இருக்கிறது. இலங்கைத் தாயின் மகள், சிறுவயதில் அங்கு படித்தவர், தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்ணாக நடித்துப் பெயர் பெற்றவர். அறுபது வயதைக் கடந்த பின்னர், தாய்வழி மண்ணின் மக்கள் குடியேறிய தெருவுக்கு ஒரு பாட்டியாக வந்து சேர்ந்திருக்கிறார்.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் பாரதிய ஜனதாக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டு அவர் தோல்வியடைந்தார். மூன்று மாதங்களுக்குப் பின்னர் வெனிஸில் இந்தப் படம் திரையிடப்பட்டது. அரசியலில் திரைப்புகழ் எப்போதும் வாக்காக மாறுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரு முகத்தை மக்கள் அவ்வளவு எளிதில் வெளியே அனுப்புவதுமில்லை.

நாயகிகளுக்குக் குறுகிய ஆயுளையே வழங்கும் ஒரு துறையில், ஒரு சாதனத்தின் கதவு மூடும்போது மற்றொன்றில் உரிமையாளராகவே நுழைந்தது ராதிகாவின் நீண்ட பயணத்துக்குக் காரணம். அந்தப் பயணத்தின் பலன் அவருக்கு மட்டும் உரியதன்று. பிரான்ஸில் பிறந்த ஓர் இளைஞர் தம் மக்களின் மிகக் கடினமான ஆண்டைப் படமாக்க முனைந்தபோது, அவருக்கும் அவருடைய பாட்டியின் தலைமுறைக்கும் பொதுவான ஒரு முகம் கைவசம் இருந்தது. அதை ஈட்டித் தந்தது வெள்ளித்திரை மட்டுமன்று. இரவு ஒன்பதரை மணியும்தான்.