ஆங்கில வேலி மரபுத்தொடர்கள்

வேலி மரபுத்தொடர்கள் என்பவை, வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு அமைந்து, நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தரும் தொடர்கள் ஆகும். 'டிஃபென்ஸ்' என்பதன் குறுகிய வடிவமே 'ஃபென்ஸ்'. காப்பு என்பது அதன் மூலப்பொருள். தமிழிலும் வேலி காவலையே குறிக்கிறது. ஆயினும் இத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும்.

முக்கியத் தொடர்கள்

'சிட் ஆன் த ஃபென்ஸ்': இரு தரப்பில் எதையும் சாராமல் இருத்தல். தமிழில் 'மதில்மேல் பூனை' இதற்கு நெருக்கமானது. ஆனால், பூனை எந்தப் பக்கம் குதிக்கும் எனப் பிறருக்குத் தெரியாத நிலையையே தமிழ்த்தொடர் சுட்டுகிறது. ஆங்கிலத் தொடரிலோ, முடிவு சொல்லாமல் நழுவுகிறார் என்ற குறையும் பெரும்பாலும் தொனிக்கும்.

'மெண்ட் ஃபென்சஸ்': முறிந்த உறவைச் சீர்செய்தல். அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜான் ஷெர்மன் 1879-இல் சொந்த ஊருக்குச் சென்றபோது, தம் வேலிகளைக் கவனிக்க வந்ததாகக் கூறியதோடு இத்தொடரை இணைத்துச் சொல்வர். தொகுதியில் ஆதரவைப் பேணுதல் என்பதே முன்பு இதன் பொருள். மறைமலை நகர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றுக்கு வரும் மின்னஞ்சலில் வாடிக்கையாளருடன் 'மெண்ட் ஃபென்சஸ்' செய்யும்படி எழுதியிருந்தால், சுற்றுவேலியைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பக் கூடாது; மனக்கசப்பைத் தீர்க்க வேண்டும்.

'ரஷ் ஒன்ஸ் ஃபென்சஸ்': அவசரப்பட்டுச் செயல்படுதல். தடை தாண்டும் குதிரையேற்றத்திலிருந்து வந்தது. பிரித்தானிய ஆங்கிலத்தில் மிகுதி. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இதற்கான அறிவுரையாக அமையும்.

வேலிக்கு அப்பால் உள்ள புல்லே பசுமை என்னும் ஆங்கிலப் பழமொழிக்கு 'இக்கரைக்கு அக்கரை பச்சை' சரியான இணை. அங்கே வேலி, இங்கே ஆறு, கருத்து ஒன்றே.

திருட்டுப் பொருளை வாங்கி விற்பவரையும் 'ஃபென்ஸ்' என்பர். இதற்குத் தமிழில் வேலி என்று எழுதுவது பிழை.

தமிழ் வழக்கு

'வேலியே பயிரை மேய்தல்' என்பது காக்க வேண்டியவரே கெடுப்பதைக் குறிக்கும். இதற்கு ஈடான வேலித்தொடர் ஆங்கிலத்தில் வழக்கில் இல்லை. கோழிக்கூட்டுக்கு நரியைக் காவல் வைத்தல் என்னும் ஆங்கிலத் தொடர் ஓரளவு பொருந்தும். வேலிகாத்தான் எனப்படும் சீமைக்கருவேலம் இப்பழமொழிக்குக் கண்கூடான சான்று. வேலிக்கும் விறகுக்கும் பயன்பட்ட அம்மரம் ஏரிகளிலும் தரிசு நிலங்களிலும் பரவிவிட்டது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது.

'வேலிக்கு ஓணான் சாட்சி' என்பது, ஒருவரையொருவர் அண்டிப் பிழைப்பவர்கள் தமக்குள் சாட்சி சொல்லிக்கொள்வதைக் குறிக்கும்.

மொழிபெயர்க்கும்போது

முதலில் தொடரின் பொருளையும், அது பாராட்டா குறை கூறலா என்பதையும் அறிய வேண்டும். பிறகு இணையான தமிழ்த்தொடரைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பொருளை எளிய நடையில் எழுதுவதே முறை.