சாட்சியம் மேடையேறும்போது

போரில் சிக்கிய மனிதர்கள் தாங்கள் கண்டதையும் இழந்ததையும் எடுத்துரைத்த சொற்களையே நாடகமாக்கி, அதைக் காண வருவோரிடம் திரட்டிய பணத்தை மருந்தாகவும் உணவாகவும் அம்மக்களுக்கே அனுப்பிவைக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் பல நாடுகளில் பெருகியுள்ளன. இவற்றுக்கு அடித்தளமாக அமைவது ஆவண அரங்கு; அதாவது, கற்பனைக் கதையை விடுத்து, நீதிமன்றப் பதிவு, நேர்காணல், நாட்குறிப்பு, கடிதம் ஆகியவற்றிலிருந்து உரையாடலை அமைத்துக்கொள்ளும் நாடக வகை. நேர்காணலில் ஒருவர் பேசியதைத் திணறலும் தயக்கமும் உட்பட மாற்றாமல் நடிகர் பேசுவாரானால், அதனை வெர்பேட்டிம் அரங்கு என்று தனியே குறிப்பிடுவர்.

இவ்வகையில் பெரும் திருப்பமாக அமைந்தது ஜெர்மன் நாடகாசிரியர் பீட்டர் வைஸ் எழுதிய 'விசாரணை'. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பணியாற்றியவர்கள்மீது ஃபிராங்க்பர்ட் நகரில் 1963 முதல் 1965 வரை நடந்த வழக்கில் சாட்சிகள் கூறியவற்றைத் தொகுத்துச் சுருக்கி அவர் அமைத்த அந்த நாடகம், 1965 அக்டோபர் 19 அன்று, அப்போது பிரிந்துகிடந்த கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் பல அரங்குகளில் ஒரே நேரத்தில் அரங்கேறியது. வைஸின் நோக்கம் நிதி திரட்டுவதன்று, மறதியைத் தடுப்பது. ஆயினும் ஒரே பனுவலைப் பல ஊர்கள் ஒரே நாளில் எடுத்து நிகழ்த்தலாம் என்று அவர் காட்டிய வழி பின்னாளில் உதவி திரட்டுவோருக்குப் பெரிதும் பயன்பட்டது.

அதன் பயனை அண்மையில் மிகத் தெளிவாகக் காட்டிய நாடு உக்ரைன். 2014-இல் தொடங்கிய கிழக்குப் பகுதிப் போரால் வீடிழந்தோர் தம் கதையைத் தாமே மேடையில் சொல்வதற்காக, நாடகாசிரியர் நத்தாலியா வொரோஸ்பித்தும் ஜெர்மன் இயக்குநர் கியோர்க் ஷெனுவும் 2015-இல் கீவ் நகரில் 'இடம்பெயர்ந்தோர் அரங்கு' என்ற அமைப்பைத் தொடங்கினர். அங்கே பேசியவர்கள் தேர்ந்த நடிகர்கள் அல்லர். தம் ஊரைவிட்டு வெளியேறிய ஆசிரியர்களும் தாய்மார்களும் மாணவர்களுமே. போர்முனையிலிருந்து திரட்டிய கதைகளைக் கொண்டு வொரோஸ்பித் எழுதிய 'மோசமான சாலைகள்' 2017-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நிகழ்த்தப்பட்டு, 2020-இல் அவராலேயே திரைப்படமாகவும் ஆக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியபோது, கேட்டதை எழுதும் பயிற்சியும் எழுதியதைச் சுருக்கும் பயிற்சியும் பெற்ற ஒரு தலைமுறை அந்நாட்டில் ஏற்கெனவே உருவாகியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கீவ் நகரில் இருபது நாடகாசிரியர்கள் சேர்ந்து நிறுவிய 'நாடகாசிரியர் அரங்கு' அவ்வாண்டு மார்ச் 12 அன்று திறக்கப்படவிருந்தது. திறப்பு விழாவுக்குப் பதிலாகக் குண்டுவீச்சு வந்தது. அவர்களுள் ஒருவரான மக்சிம் குரோச்கின் படையில் சேர்ந்தார். மற்றவர்கள் நிலவறைகளிலும் அயல்நாட்டு அடைக்கலங்களிலும் இருந்தபடி எழுதத் தொடங்கினர். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் ஜான் ஃபிரீட்மன் அப்பனுவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்து, எந்த ஊர்க் குழுவும் அவற்றை வாசித்து நிகழ்த்தலாம், திரளும் பணம் உக்ரைன் மக்களின் துயர்துடைப்புக்குச் செல்லட்டும் என்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். பல்கலைக்கழகக் கூடங்கள் முதல் பெரிய அரங்குகள்வரை நூற்றுக்கணக்கான வாசிப்புகள் நிகழ்ந்தன. அவற்றில் இருபது பனுவல்கள், ஒலேனா அஸ்தாசியேவா எழுதிய ஆக்கத்தின் பெயரான 'போர்க்காலத்து உணர்ச்சிகளின் அகராதி' என்பதையே தலைப்பாகத் தாங்கி, 2023-இல் நூலாக வெளிவந்தன.

வாசிப்பு என்ற இந்த வடிவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நாலைந்து நடிகர்கள் நாற்காலிகளில் அமர்ந்து, கையில் உள்ள தாளைப் பார்த்தே வாசிப்பார்கள். ஒப்பனை இல்லை, காட்சித் திரை இல்லை, மாதக்கணக்கான ஒத்திகையும் இல்லை. செலவு மிகக் குறைவு என்பதால் திரளும் தொகையில் பெரும்பகுதி உதவிக்கே மிஞ்சுகிறது என்பது இதன் முதல் நன்மை. ஆனால் அதைவிடப் பெரிய நன்மை அறம் சார்ந்தது. தாளைக் கையில் வைத்திருக்கும் நடிகர், 'இந்தத் துயரம் என்னுடையதன்று, வேறொருவர் என்னிடம் ஒப்படைத்தது' என்பதை ஒவ்வொரு கணமும் பார்வையாளருக்கு உணர்த்திக்கொண்டே இருக்கிறார். வெடியோசையையும் புகையையும் சோக இசையையும் சேர்த்து அழவைக்க முயலும் மேடைகள் இந்த நேர்மையை இழந்துவிடுகின்றன. உண்மையாகவே குண்டுச் சத்தத்தைக் கேட்டவர் அவையில் இருந்தால், அவை அவருக்குக் கொடுமையாகவும் முடியும்.

சாட்சியே நடிகராகும்போது நிலைமை இன்னும் கூர்மையடைகிறது. 2022 மார்ச் 16 அன்று மரியுப்போல் நகர நாடக அரங்கின்மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கணக்கான பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்த அக்கட்டடத்தின் வெளியே, வானிலிருந்து தெரியும்படி, 'குழந்தைகள்' என்று ரஷ்ய மொழியில் பேரெழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. இறந்தோர் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன: குறைந்தது 12 பேர், அதற்கு மேலும் பலர் இருக்கக்கூடும் என்று அம்னஸ்டி அமைப்பும், 600-ஐ நெருங்கும் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் கூறின. அங்கே தங்கி உயிர்தப்பிய நடிகர்களே, நாட்டின் மேற்கு மூலையிலுள்ள உஷ்ஹொரோத் நகரில், ஒலெக்சாந்தர் ஹவ்ரோஷ் எழுதிய 'மரியுப்போல் டிராமா'வில் தாம் தாமாகவே தோன்றித் தம் அனுபவத்தை நிகழ்த்தினர்.

இத்தகைய துணிவுக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சிரியப் பெண்களின் அனுபவம் காட்டுகிறது. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் கி.மு. 415-இல் அரங்கேற்றிய 'டிராய் நகரப் பெண்கள்', போரில் தோற்ற நகரத்தின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படும் துயரத்தைப் பேசுவது. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலேயே தர்மசிறி பண்டாரநாயக்க அதனைச் சிங்களத்தில் மேடையேற்றினார். அதே நாடகத்தை 2013-இல் ஜோர்தானின் அம்மான் நகரில், இயக்குநர் உமர் அபூசஆதாவின் வழிகாட்டலில், சிரிய அகதிப் பெண்கள் தம் வாழ்க்கைக் கதைகளோடு பின்னி நிகழ்த்தினர். ஆயினும் முகம் வெளியே தெரிந்தால் ஊரில் விட்டுவந்த உறவினருக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சிச் சிலர் இடையிலேயே விலகினர். அந்த விலகலைத் தோல்வியாகக் கருதுவது தவறு. விலகும் உரிமை இல்லாத இடத்தில் பெறப்படும் சாட்சியம், எவ்வளவு நிதி திரட்டினாலும், சுரண்டலே. ஒரே இழப்பை ஒவ்வொரு மாலையும் மீண்டும் சொல்லும் கட்டாயமும் மனத்தைப் புண்படுத்துவதாகையால், சொற்களை நடிகரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருக்கும் வாய்ப்பைச் சாட்சிக்கு அளிப்பது பல நேரங்களில் நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் 2009-இல் வகுத்த முறை பின்பற்றத்தக்கது. காசா போரை ஒட்டி அவர் எழுதிய 'ஏழு யூதக் குழந்தைகள்' சாட்சிய நாடகமன்று. அதன் அரசியல் பார்வை கடும் விவாதத்துக்கும் உள்ளாயிற்று. ஆனால் உரிமைத்தொகை கேளாமல், நுழைவுக் கட்டணம் கூடாது, நிகழ்வின் முடிவில் பாலஸ்தீன மக்களுக்கான மருத்துவ உதவி அமைப்புக்கு நன்கொடை திரட்ட வேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனை, பணம் எங்கே போகிறது என்ற ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. 'துயருற்ற மக்களுக்காக' என்று மட்டும் அறிவித்துவிட்டு உண்டியல் ஏந்தும் நிகழ்வுகள் இந்தத் தெளிவைக் கற்றுக்கொள்ள வேண்டியவை.

ஆகவே, இத்தகைய நிகழ்வுக்கு அழைக்கப்படும் ஒவ்வொருவரும், நன்கொடை எந்த அமைப்பின் எந்தப் பணிக்குச் செல்கிறது என்றும், மேடையில் ஒலிக்கும் சொற்களுக்கு உரியவரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளதா என்றும் அமைப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டும். நேர்மையாக நடத்துவோர் இக்கேள்விகளை வரவேற்பார்கள். விடை தெளிவாக இருந்தால், தயங்காமல் தாராளமாகக் கொடுங்கள்.