சுருதி கெடாது ஒலியை நீட்டுதல்

கிராமபோன் பெட்டியின் விற்சுருள் தளர்ந்து இசைத்தட்டு மெல்லச் சுழலத் தொடங்கியதும், பாடகியின் குரல் ஆண்குரல் போலத் தடித்து இறங்குவதைக் கேட்ட முதியோர் இன்றும் உளர். விசையை முடுக்கியதும் குரல் பழைய நிலைக்கு ஏறிவிடும். வேகம் குறையச் சுருதி இறங்குவதும், வேகம் கூடச் சுருதி ஏறுவதும் இயற்கை. காலமும் சுருதியும் ஒரே நுகத்திற் பூட்டிய இரு காளைகளை ஒத்தவை. அந்நுகத்தைக் கழற்றி, சுருதியை நின்ற இடத்தில் நிறுத்திக் காலத்தை மட்டும் நீட்டும் வேலையை இன்று கணினி மென்பொருள்கள் செய்கின்றன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே இசையமைப்போர் முன்னுள்ள வினா.

இத்தேவை எழுவது எவ்வாறு? வெவ்வேறு காலத்திற் பதிவான ஒலித்துண்டுகளை ஒரே பாட்டில் இணைப்பது இக்கால இசையமைப்பின் வழக்கம். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை செல்லும் ஒரு துண்டை, 100 எண்ணிக்கை செல்லும் பாட்டிற் பொருத்த வேண்டுமாயின், 10 செக்கன் துண்டு 12 செக்கனாக நீளவேண்டும். இசைத்தட்டைப் போல வேகத்தைக் குறைத்து நீட்டினால், சுருதி மூன்று சுரத்தானங்களுக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். பாட்டோடு அது சேராது.

இவ்வினாவுக்கு விடை தேடியோர் பலர். அங்கேரியிற் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ச்சி புரிந்த டெனிஸ் காபோர், ஒலியைச் சிறு சிறு மணிகளாகப் பகுத்துக் காணலாம் என்று 1940களின் பிற்பகுதியிற் காட்டினார். 1954 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், சுழலும் தலைகளைக் கொண்ட ஒலிநாடாப் பொறியொன்றாற் பேச்சு சுருக்கப்பட்டது. 1966 இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளனகன், கோல்டன் ஆகிய இருவரும் ஒலியை அதன் உறுப்பு அதிர்வுகளாகப் பிரித்து மீண்டும் கூட்டும் முறையை வெளியிட்டனர்.

இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படை இவ்விரு வழிகளே. முதலாவது, ஒலியைச் சிறு துணுக்குகளாக வெட்டி, சிலவற்றை இருமுறை வைத்து, ஓரங்கள் பொருந்த ஒட்டும் வழி. தனிக்குரலுக்கும் பேச்சுக்கும் இது ஏற்றது. பல வாத்தியங்கள் கூடி ஒலிக்குமிடத்தில் ஓரங்கள் பொருந்தாமல் நடுக்கம் தோன்றும். தாளவாத்தியத்தில் ஓர் அடி இரண்டடியாகக் கேட்கும். இரண்டாவது, ஒலியை உறுப்பு அதிர்வுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நீட்டும் வழி. நெடிது ஒலிக்கும் வயலினுக்கும் வாத்தியக் குழுவுக்கும் இது நன்று. ஆயின், மத்தளத்தின் கூரிய அடி இதில் மழுங்கும். குரல் தொலைவிலுள்ள மண்டபத்திலிருந்து வருவது போலக் கேட்கும்.

இதன் காரணம் தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு எளிதில் விளங்கும். பாட்டில் ஓசை குறைந்தவிடத்து எழுத்து தன் மாத்திரையின் நீண்டொலிப்பதை அளபெடை என்பர். நெட்டுயிர் அளபெடுக்கும், மெய்களுள் மெல்லினம் ஆறும், வ, ய, ல, ள என்பனவும் ஆய்தமும் அளபெடுக்கும் என்பது நன்னூல் விதி. வல்லினத்துக்கு அங்கு இடமில்லை. 'ப்' என்பதும் 'ட்' என்பதும் வெடித்தவுடன் முடிபவை. நீட்டுவதற்கு அவற்றில் எதுவும் எஞ்சுவதில்லை. இசையிலும் உயிர்போல ஓடும் ஒலிகள் உண்டு. வல்லினம்போல வெடிக்கும் ஒலிகளும் உண்டு. ஓடுவதை நீட்டி, வெடிப்பதை நீட்டாது விட்டு, அதன்பின் வரும் இடைவெளியை மாத்திரம் அகற்றுவதே நல்ல மென்பொருளின் இலக்கணம்.

ஆகவே, 'எந்த மென்பொருள் சிறந்தது?' என்று கேட்குமுன் 'எந்த ஒலியை, எவ்வளவு நீட்ட வேண்டும்?' என்று கேட்டல் வேண்டும். 'ஏபிள்ரன் லைவ்' என்னும் மென்பொருள் தாளத்துக்கு 'பீற்ஸ்', தனிக்குரலுக்கு 'ரோன்ஸ்', கலந்த இசைக்கு 'கொம்பிளெக்ஸ்' என வெவ்வேறு முறைகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது இதனாலேயே. அது விலை கொடுத்து வாங்குவது. பொருள் வசதியற்ற மாணவன் மனந்தளர வேண்டியதில்லை. 'ஓடாசிற்றி' இலவசமாகக் கிடைப்பது. சிறிய மாற்றங்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். 'றபர் பான்ட்' என்னும் திறந்த மூலநிரலில், விரைந்து இயங்கும் முறையோடு, நேரம் கூடுதலாக எடுத்து நுட்பமாகச் செய்யும் முறையொன்று 2022 இற் சேர்க்கப்பட்டது. ஒரு துண்டைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீட்டி மேகம் போன்ற ஓசையாக்க விரும்புவோர்க்கு 'போல்ஸ்ரெச்' உண்டு. தாளத்தைப் பொருத்துவதற்கு அது உதவாது.

விளம்பரத்தைக் காட்டிலும் செவியே நம்பத்தக்க நடுவர். நீட்ட வேண்டிய துண்டிலிருந்து 10 செக்கன் எடுத்து, வேண்டிய அளவுக்கே இரண்டு மூன்று மென்பொருள்களில் நீட்டுக. பின் எல்லாவற்றின் ஒலியளவையும் சமமாக்குக. உரத்து ஒலிப்பதே நல்லதெனச் செவி மயங்குவது இயல்பு. கண்ணை மூடிக்கொண்டு, முதலில் வல்லின ஒலிகளையும் மத்தள அடிகளையும், அடுத்து நீண்ட உயிரொலிகளையும் கவனித்துக் கேட்க. நீட்டியதையே மீண்டும் நீட்டாமல், ஒவ்வொரு முறையும் மூலப்பதிவிலிருந்தே தொடங்குக. மூலப்பதிவை ஒருபோதும் அழித்துவிடலாகாது.

குறையையே குணமாகக் கொண்டாரும் உளர். 1990களில் இங்கிலாந்தின் 'ஜங்கிள்' இசைஞர், அக்காய் கருவிகள் ஒலியை நீட்டும்போது எழுந்த உலோக ஓசையை விரும்பியே பயன்படுத்தினர். அறிந்து செய்யின் அது கலை. அறியாது நேரின் அது பிழை.

பாட்டைக் கேட்பவர், இடையிற் புகுந்த மென்பொருளை அறியார். குரல் நடுங்கினால் பாடியவர் நடுங்கினார் என்றே எண்ணுவர். அடி மழுங்கினால் வாசித்தவர் கை தளர்ந்தது என்றே சொல்லுவர். பாடியவர் மறைந்துபோன பழைய பதிவாயின், அப்பழியை மறுத்துரைக்க அவர் வரப்போவதில்லை. கருவியைத் தேர்பவர் கையில் இருப்பது இன்னொருவரின் குரல். அது நீளும் அளவுக்கு நீட்டி, நீளாத இடத்தில் நிறுத்துவதே அவர் கடமை.