கைத்துப்பாக்கியும் மூடிய துறைமுகமும்

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் ஆஷ், தம் குழந்தைகள் தங்கியிருந்த கோடைக்கானலுக்கு மனைவியுடன் புறப்பட்டார். மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக்கொன்றார். சுட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. உரிமமின்றி ஆயுதம் இறக்குமதி செய்வதை 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. சட்டைக்குள் மறையும் ஆயுதத்தை எல்லையில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அந்த அச்சத்தை உணர்ந்தே எழுதப்பட்டது. பயிர்க்காவலுக்குக் குழலின் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கி, தற்காப்புக்குக் குறைந்தது 20 அங்குலக் குழல் கொண்ட துப்பாக்கி ஆகியவற்றுக்கு 13ஆம் பிரிவு எளிய வழி வகுக்கிறது. பழனி மலையில் காட்டுப்பன்றியால் பயிரிழக்கும் விவசாயி இந்த வகையில் விண்ணப்பிக்கலாம். விலங்கைச் சுடுவதற்கு வன உயிரினச் சட்டத்தின் அனுமதி தனியே வேண்டும். கைத்துப்பாக்கி கேட்பவரோ தக்க காரணம் உண்டென்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும்.

1980களின் நடுவில் தனிநபர் இறக்குமதி ஏறக்குறைய முற்றாக மூடப்பட்டது. தேர்ந்த துப்பாக்கிச் சுடும் வீரர்கள், வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புவோர் போன்ற சிலருக்கே விலக்கு. விளைவாக, முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் விலை பன்மடங்கு ஏறியது. புதிதாக வாங்குவோர் அரசுத் தொழிற்சாலைகளையே நாடினர். 2014இல் கான்பூரில் அறிமுகமான 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. 2016 விதிகள் தனியார் உற்பத்திக்கு வழிதிறந்தபின், பிரிட்டனின் வெப்லி அண்ட் ஸ்காட் உத்தரப் பிரதேசத்திலேயே ரிவால்வர் செய்யத் தொடங்கியது. சரக்காக வர முடியாதது தொழிற்சாலையாக வந்தது.

விலை குறைந்தால் எளியவரும் தற்காத்துக்கொள்ளலாம் என்று கூறி இறக்குமதியைத் தளர்த்தக் கோருவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைத்துப்பாக்கி பெருகும் வீட்டில் சினமும் சோர்வும் கூடவே வாழ்கின்றன. அதேவேளை, விலையையே வேலியாக நம்புவதும் தவறு. பணமுள்ளவருக்கு அது தடையல்ல. பிகாரின் முங்கேர் பட்டறைகளில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் கைத்துப்பாக்கிக்குச் சுங்கச்சாவடியும் இல்லை, உரிமமும் இல்லை.

2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தையோ மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. ஐந்தாண்டில் ஒரு மனிதரின் மனநிலையும் குடும்பச் சூழலும் மாறிவிடலாம். ஆகவே துறைமுகக் கதவு மூடியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் யாரிடம், எந்நிலையில் உள்ளது என்று காவல்துறை ஆண்டுதோறும் நேரில் சரிபார்க்கட்டும்.