மெல்லக் கேட்டால் தெரியும் கரகரப்பு

இரவு பத்து மணி. பக்கத்து வீட்டில் தூங்குகிறார்களே என்று வால்யூமைக் குறைத்து வைத்து ஒருவர் வீணை கேட்கிறார். ஆம்ப்ளிஃபயருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தந்தியை மீட்டும்போது நாதம் சுத்தமாகத்தான் எழுகிறது. அது தேய்ந்து அடங்கும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் உரசுவது போல ஒரு கரகரப்பு. மறுநாள் காலையில் அதே இசையைச் சத்தமாக வைத்தால் குறை ஏதும் காதில் படவில்லை.

பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. ஒலி எந்த நேரத்தில் கெடுகிறது என்பதுதான் முதல் தடயம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை: செட்டை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர்களை மாற்றிப் போட வேண்டும். கரகரப்பு ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறினால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. இதைச் செய்யாமலே நல்ல போர்டைக் கழற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மெல்லிய ஒலியில் மட்டும் வரும் கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம், கடைசி நிலையிலுள்ள இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள் வேலையைக் கைமாற்றும் இடம். 2என்3055, எம்ஜே2955 ஜோடி இதற்குப் பழக்கமான உதாரணம். ஒன்று அலையின் மேல் பாதியையும் மற்றது கீழ்ப் பாதியையும் தள்ளும். ஒரே உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போன்ற வேலை இது. ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளவே சுமார் 0.6 வோல்ட் வேண்டும். ஒன்று ஓய்ந்து மற்றது விழிப்பதற்குள் ஒரு குத்து தவறிப்போகிறது. பெரிய அலையில் அந்த இடைவெளி பொருட்டாகத் தெரியாது. சின்ன அலைக்கோ, அந்த இடைவெளியே அலையின் பெரும்பகுதி.

அதனால்தான் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் எப்போதும் அரைத்தூக்கத்தில் வைத்திருக்கச் சிறு மின்னோட்டம் ஓடவிடுகிறார்கள். இதுதான் பயாஸ். இதன் அளவைத் தீர்மானிப்பது பிரீசெட் என்ற குட்டித் திருகு. வருடக்கணக்கில் தூசியும் ஈரமும் பட்டு அதன் தொடுமுனை கறுத்துப்போகும்போது அளவு நழுவுகிறது.

பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் ஆம்ப்ளிஃபயருக்குள் உண்டு. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று மன்ஹாட்டனுக்குப் படகில் போகும்போது, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே ஒரு யோசனையைக் குறித்துவைத்தார். வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பி, பிழையைக் கழித்துவிடும் யோசனை. இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் அதை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் கைமாறும் இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் தூங்கிவிட்டால், அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியில்லை. பயாஸைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

அளப்பது கடினமல்ல. பவர் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் என்றால், அதன் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் 5 மில்லிவோல்ட் காட்டும்போது ஓடுவது ஏறக்குறைய 23 மில்லிஆம்பியர். எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்ல வேண்டும். செட் நன்றாகச் சூடேறிய பிறகு, பிரீசெட் இருந்த இடத்தில் அடையாளம் போட்டுவிட்டு, மயிரிழை அளவு திருப்பினால் போதும். கூட்டிவிட்டால் டிரான்சிஸ்டர் சூடாகும், சூடானால் இன்னும் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், கடைசியில் எரிந்துபோகும்.

சத்தம் கூட்டும்போது மட்டும் ஒலி உடைகிறதா? பில்டர் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுக்க அலையின் உச்சம் கிட்டத்தட்ட 18 வோல்ட்டைத் தொட வேண்டும். சப்ளை அதற்குக் கீழே தொய்ந்தால் அலையின் தலை வெட்டுப்படும். கூடவே 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் சந்தேகம் வலுக்கிறது. கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்துவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதனால் ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்பவைதான் முதலில் போகும்.

தட்டினால் வந்து, தட்டினால் போகும் கரகரப்பென்றால் டிரை சால்டர், வால்யூம் கண்ட்ரோல், ஸ்பீக்கர் ரிலே ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

பழைய செட் என்றதும் எல்லாக் கண்டன்சரையும் ஒரே மூச்சில் மாற்றுவது தவறான பழக்கம். புதிதாக ஒரு தவறு நுழைந்தால் அது எங்கே நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்ற வேண்டும், கேட்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. டிரான்சிஸ்டர் வாங்கும்போது இரட்டிப்புக் கவனம் தேவை. 2என்3055 என்று மேலே அச்சிட்டு, உள்ளே சின்னச் சில்லை வைத்த போலிகள் உண்டு. மெல்லக் கேட்கும்வரை தாங்கும், சத்தம் ஏறியதும் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வேலை முடிந்து முதல் முறை போடும்போது, ஸ்பீக்கர் இல்லாமல், 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் லைனில் சீரிஸாக இணைத்துப் போடுவது நல்லது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கிய பிறகு பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால், வாய்ஸ் காயில் கருகும் முன் செட்டை அணைத்துவிட்டு மறுபடியும் போர்டைப் பார்க்க வேண்டியதுதான்.